நூற்பாலைக்குள் பந்தயக் கார்

ஒரு மோட்டார் கார். ஒன்றே ஒன்று. விலை 13 கோடியே 50 லட்சம் யூரோ! நம் நாட்டுக் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலே. 2022-ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து மெர்சிடிஸ் காட்சிச்சாலையில், அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே அமர்ந்திருந்த கூடத்தில், இந்த விலைக்கு ஏலம் முடிந்தது. 1955-இல் செய்த பந்தயக் கார் அது. அந்த வகையில் செய்தவை மொத்தமே இரண்டு. விற்ற கம்பெனி, வந்த பணத்தை மாணவர் உதவி நிதிக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. நல்லது, அதை நாம் மறைப்பானேன்?

இந்தச் செய்தியைப் பற்றி அண்மையில் பேச்சு வந்தபோது, பட்டறையில் பிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் கேட்டார்: "ஏன் ஐயா, அந்தக் காரைத் தட்டி உருவாக்கினானே ஒருத்தன், அவனுக்கு அன்றைக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள்?" பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார். ஏலக்காரர் அச்சடிக்கும் வழவழப்பான புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

வேறு எல்லாம் இருக்கும். இந்தத் தொழிலுக்கென்று ஒரு பாஷையே உண்டு. காரின் அடிச்சட்டத்தில் அடித்த எண்ணும் இஞ்சினில் அடித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளபடியே பொருந்த வேண்டும். பெயிண்ட் அன்று பூசிய பெயிண்டாகவே இருக்க வேண்டும். இருக்கைத் தோல் வெடித்திருந்தாலும் குற்றமில்லை. மாற்றித் தைத்திருந்தால் குற்றம். முதலில் வாங்கிய சீமான் யார், அவர் யாரிடம் விற்றார், எந்தப் பந்தயத்தில் எந்த எண் ஒட்டி ஓடியது, எந்த ஆண்டு எந்தக் கொட்டகையில் நின்றது, இத்தனையும் வம்சாவளிபோல வரிசையாக எழுதியிருப்பார்கள். 2015 பிப்ரவரியில் பாரிசு நகரத்தில் ஓர் ஏலம் நடந்தது. மேற்குப் பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள். அவற்றில் ஒரு பெராரி, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அதை அப்படியே, தூசைக்கூடத் துடைக்காமல், கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று! தூசுக்கும் விலை உண்டு, தோழர்களே, அது பணக்காரன் கொட்டகைத் தூசாக இருந்தால்!

காரை நான் பழிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல இயந்திரத்தைக் கண்டால் நின்று பார்க்காதவன் தொழிலாளியாக இருக்க முடியாது. என் குறை வேறு. இந்தக் கார்களின் கதையை எழுதுகிறவர்கள் உடையவனைப் பற்றி எழுதுகிறார்கள், ஓட்டியவனைப் பற்றி எழுதுகிறார்கள். உழைத்தவனைப் பற்றியும், அந்தக் காரை வாங்கும் பணம் எவன் உழைப்பில் விளைந்தது என்பதைப் பற்றியும் எழுதுவதில்லை.

ஆனால், ஓர் ஊரில் மட்டும் அந்த மறைவு கலைந்தது. உழைத்தவர்களே கதவைத் திறந்து உள்ளே போய், தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்பதைக் கண்ணாரக் கண்டார்கள். பிரான்சு நாட்டின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், மூலூஸ் என்னும் நெசவு நகரம் அது. நாள், 1977 மார்ச் 7.

கதையை அடியிலிருந்து சொல்ல வேண்டும்.

அதே அல்சாஸில், மூலூசுக்கு வடக்கே மோல்சைம் என்று ஒரு சிற்றூர். இத்தாலியில் மிலான் நகரத்தில் 1881-இல் பிறந்த எத்தோரே புகாட்டி என்பவர் 1909-இல் அங்கே கார்த் தொழிற்சாலை தொடங்கினார். அப்போது அல்சாஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சிடம் வந்தது. புகாட்டியின் தகப்பனார் மரச்சாமான்களைக் கலைப்பொருளாகச் செய்தவர், தம்பி சிற்பி. அந்தக் குடும்பத்து ரசனை காரிலும் இறங்கிற்று. குதிரை லாடம் போன்ற முகப்பு. 1924-இல் வெளிவந்த 35-ஆம் வகைப் பந்தயக் காரில் 2 லிட்டர், 8 சிலிண்டர் இஞ்சின். அலுமினியத்தில் வார்த்த சக்கரங்கள். அந்தக் காலத்துப் பந்தயங்களில் அதற்கு ஈடில்லை என்ற பெயர்.

புகாட்டியின் பெயர் மட்டும்தான் முகப்பில் இருக்கிறது. ஆனால் இஞ்சினைத் திறந்து பார்க்கிறவர்கள் வேறொன்றைப் பேசுகிறார்கள். இரண்டு உலோக முகங்கள் சேருமிடத்தில், நடுவே கேஸ்கெட் வைக்காமலே எண்ணெய் கசியாதபடி பொருந்த வேண்டும் என்பதற்காக, கைக்கருவியால் சுரண்டிச் சுரண்டிச் சமதளமாக்கியிருக்கிறார்கள். போல்ட்டுகள் அதிர்ச்சியில் தளராதபடி ஒன்றோடொன்று கம்பி கோத்துக் கட்டியிருக்கிறார்கள். பிட்டர் வேலை அறிந்த தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு முகத்தைக் கையால் சுரண்டிச் சமமாக்க எத்தனை நாழிகை ஆகும், எத்தனை தடவை மையைத் தடவிப் பொருத்திப் பார்க்க வேண்டும், தோள்பட்டை எப்படி வலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று சேகரிப்போர் விரல் வைத்துத் தடவி வியக்கும் அழகு அந்தத் தோள்பட்டை வலிதான்.

புகாட்டிக்கு ஓர் ஆசை வந்தது. மன்னர்களுக்கென்றே ஒரு கார் செய்ய வேண்டும்! அதற்கு "ரோயால்" என்று பெயரிட்டார். நீளம் ஏறத்தாழ 6.4 மீட்டர். இஞ்சின் 12.7 லிட்டர். 25 கார் செய்வதாகத் திட்டம். வந்ததோ 1929-இன் பொருளாதாரப் பெருவீழ்ச்சி. மன்னர்கள் வாங்கவில்லை. செய்தது 6, வெளியாருக்கு விற்றது 3. மிச்சமிருந்த இராட்சத இஞ்சின்களை என்ன செய்வது? பிரஞ்சு ரயில்பாதையில் ஓடும் மோட்டார் ரயில் பெட்டிகளில் பூட்டினார்கள். மன்னனுக்கென்று செய்தது மக்களைச் சுமந்து ஓடிற்று! அந்தத் தொழிற்சாலை பிழைத்ததே அந்த ரயில் பெட்டிகளால்தான் என்று சொல்லலாம். (அந்த ரயில் பெட்டிகளில் ஒன்று இன்றும் மூலூஸ் நகரத்து ரயில் காட்சிச்சாலையில் நிற்கிறது. கார்களைப் பார்க்கப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்பினால் பாதிக் கதையைத்தான் பார்த்தவர்கள்.)

1936-இல் பிரான்சு முழுவதும் வேலைநிறுத்த அலை எழுந்தது. மோல்சைமிலும் தொழிலாளர்கள் நிறுத்தினார்கள். புகாட்டிக்கு மனம் கசந்துவிட்டது. "என் பிள்ளைகள்போல வைத்திருந்தேனே" என்று நினைக்கும் முதலாளிகளின் கசப்பு அது, நாம் அறியாததா? தொழிற்சாலையை மகன் ழானிடம் விட்டுவிட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். பிள்ளைபோல வைத்திருப்பதும் நல்லதுதான். பிள்ளை வளர்ந்து கூலியைப் பற்றிப் பேசும்போதும் அந்தப் பாசம் நிலைக்க வேண்டுமல்லவா? ழான் 1939-இல் பந்தயக் காரைச் சோதித்து ஓட்டுகையில் விபத்தில் இறந்தார். தகப்பனார் 1947-இல் காலமானார். போர் முடிந்த பிறகு தொழிற்சாலை தலை நிமிரவே இல்லை. 1963-இல் வேறொரு கம்பெனி அதை வாங்கிற்று.

இப்போதுதான் ஷ்லும்ப் சகோதரர்கள் வருகிறார்கள்.

ஹான்ஸ், பிரிட்ஸ் என்று இருவர். தகப்பனார் சுவிட்சர்லாந்துக்காரர், தாயார் அல்சாஸ்காரி. கம்பளி வியாபாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு நூற்பாலையாக வளைத்துப் போட்டவர்கள். மால்மெர்ஸ்பாக் என்ற மலையடிவாரக் கிராமத்தில் ஒன்று, எர்ஸ்டைனில் ஒன்று, மூலூஸ் நகரத்திலேயே ஒன்று. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன் அவர்கள் ஆலையில்தான் வேலைக்குப் போக வேண்டும். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் விழிக்கும். மறுபடி ஊதினால் ஊர் உறங்கும். ஆலையை நம்பி வளர்ந்த ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இந்த வாழ்க்கையை வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை.

அண்ணன் கணக்குப் பார்த்தார். தம்பி பிரிட்ஸுக்குப் புகாட்டிப் பித்து. தாமே பந்தயத்தில் புகாட்டி ஓட்டியவர். அறுபதுகளில் அந்தப் பித்து தலைக்கேறிற்று. உலகில் எங்கே புகாட்டி இருந்தாலும் வாங்குவது என்று புறப்பட்டார். புகாட்டித் தொழிற்சாலை கைமாறிய அந்த 1963-லேயே, அங்கு மிச்சமிருந்த கார்களை வாங்கினார்; எத்தோரே புகாட்டியே வைத்திருந்த ரோயாலும் அதில் அடக்கம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் 30 புகாட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அந்த 30-ஐயும், இன்னொரு ரோயால் உட்பட, 1964-இல் மொத்தமாக 85,000 டாலருக்கு வாங்கி, ரயிலேற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்.

அந்த விலையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். முப்பது காருக்கு 85,000 டாலர். இருபத்து மூன்று ஆண்டு கழித்து, 1987-இல், லண்டனில் ஒரே ஒரு ரோயால் 55 லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்தக் காரில் என்ன கூடிற்று? ஓர் ஆணி கூடவில்லை. வாங்கக் காத்திருக்கும் பணம்தான் கூடிற்று.

மூலூசில் இருந்த பழைய நூற்பாலையில் நூல் நூற்பதை நிறுத்திவிட்டார்கள். இயந்திரங்களை அகற்றினார்கள். ரம்பப் பல் போன்ற கூரையின் கீழ், ஏறத்தாழ 17,000 சதுர மீட்டர் தளத்தில், கார்களை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். தச்சர், தோல் தைப்பவர், தகரம் தட்டுபவர், மெக்கானிக்கு என்று நாற்பது பேர் வரை அமர்த்தி, ஒவ்வொரு காரையும் புதுக்கினார்கள். "உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது" என்று அவர்களிடம் வாக்கு வாங்கினார்கள். பாரிசு நகரத்தில் ஸேன் நதிப் பாலத்தில் நிற்கும் அலங்கார விளக்குக் கம்பங்களைப்போலவே நூற்றுக்கணக்கில் வார்த்து, கார் வரிசைகளுக்கு நடுவே நட்டார்கள். தாயார் பெயரால் காட்சிச்சாலை என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் மக்களுக்கு அதன் கதவு திறக்கவே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட புகாட்டி! மொத்தம் 400-க்கு மேற்பட்ட கார்! ஊருக்குள் அரசல்புரசலாகப் பேச்சு உண்டு. பார்த்தவன் யாருமில்லை.

எழுபதுகள் வந்தன. எண்ணெய் விலை ஏறிற்று. செயற்கை நூல் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கிற்று. ஐரோப்பா முழுவதும் நெசவுத் தொழில் ஆட்டம் கண்டது. அதற்கு ஷ்லும்ப் சகோதரர்கள்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய். ஆனால், வெள்ளம் வருகிற காலத்தில் கரையைக் கட்ட வேண்டிய பணம் எங்கே போயிற்று? பழைய தறியையும் கதிரையும் மாற்றிப் புதிய இயந்திரம் போட வேண்டிய பணம் எங்கே போயிற்று? கேள்வி அதுதான்.

1976-இல் முதலாளிகள் ஆலைகளை விற்கத் தொடங்கினார்கள். மால்மெர்ஸ்பாக்கில் ஆட்குறைப்பு. ஏறத்தாழ 2,000 பேர் வாழ்வு ஊசலாடிற்று. வேலைநிறுத்தம் வெடித்தது. சகோதரர்களின் மாளிகையைத் தொழிலாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். போலீஸ் காவலோடு வெளியேறிய இருவரும் எல்லையைத் தாண்டினார்கள். எல்லை என்ன தூரமா? மூலூசிலிருந்து சிறிது நேரம் பயணம் செய்தால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். அங்கே ஓர் உயர்ந்த ஓட்டலில் தங்கினார்கள். தங்கினவர்கள் தங்கினவர்கள்தான். ஆலையில் கூலி பாக்கி நின்றது.

மாதங்கள் ஓடின. பேச்சுவார்த்தை, மனு, வாக்குறுதி. 1977 மார்ச் 7 அன்று சி.எப்.டி.டி. சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் மூலூஸ் ஆலைக்குள் புகுந்தார்கள்.

உள்ளே என்ன கண்டிருப்பார்கள்! நூல் தூசு படிந்த கூரையைப் பார்த்தே வாழ்நாள் கழித்தவர்கள். கதவுக்கு அப்பால் சரளைக்கல் பாதை, வரிசை விளக்கு, பளபளக்கும் கார், கார், கார். கம்பெனியிடம் பணமில்லை என்று சொல்லித்தானே ஆட்குறைப்பு நோட்டீசு ஒட்டினார்கள்? பணம் இதோ நிற்கிறது, நான்கு சக்கரத்தில்!

அந்த நேரத்தில் அவர்கள் சம்மட்டி எடுத்திருந்தால் யார் தடுத்திருக்க முடியும்? எடுக்கவில்லை. "தொழிலாளர் ஆலை" என்று பெயரிட்டுப் பலகை மாட்டினார்கள். பூட்டிய கதவை ஊருக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு காலம் அந்த இடம் அவர்கள் கையில் இருந்தது. சுமார் 8 லட்சம் மக்கள் வந்து பார்த்தார்கள். முதலாளி பத்தாண்டுக் காலம் தனக்கென்று பூட்டி வைத்ததை, வேலையிழந்தவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்த இரண்டு ஆண்டும் அந்தச் செல்வம் சிதறாமல் இருந்ததென்றால், அது கூலி பாக்கி நின்றவர்களின் காவலில் இருந்ததால்தான்.

ஒரு தவறும் நடந்தது. நம்மவர் செய்தது என்பதற்காக அதை மூடி மறைப்பது சரியல்ல. ஆத்திரத்தில் ஒரு காரை இழுத்துவந்து தீயிட்டார்கள். என்ன கார் தெரியுமா? புகாட்டியல்ல. புதுக்காமல் கிடந்த ஓர் ஆஸ்டின் ஏழு. இங்கிலாந்தில் 1922-இல் வெளிவந்த சின்னஞ்சிறு கார் அது. மோட்டார் சைக்கிளும் பக்கப் பெட்டியும் வைத்துப் பெண்டு பிள்ளைகளோடு மழையில் நனைந்து போன சாதாரணக் குடும்பம், தானும் ஒரு காரில் உட்காரலாம் என்று செய்தது. அத்தனை சீமான் கார்கள் நிற்கையில், எரிந்தது ஏழையின் கார்! கலவரத்தில் பல வேளை இப்படித்தான் நடக்கிறது. கைக்கு எட்டியது நம்மவனுடைய பொருளாகவே இருந்துவிடுகிறது.

பிறகு வழக்கு. கம்பெனிப் பணம் கார்களுக்குப் போனது என்ற குற்றச்சாட்டு ஒரு பக்கம். கடன்காரர்கள் ஒரு பக்கம். கூலி பாக்கி ஒரு பக்கம். கார்களை ஒவ்வொன்றாக ஏலம் விட்டால் கொள்ளைப் பணம் வரும் என்று அயல்நாட்டுச் சேகரிப்போர் காத்திருந்தார்கள். 1978-இல் பிரஞ்சு அரசு ஒரு காரியம் செய்தது. அந்தக் கார்த் திரள் முழுவதையும் வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது. கோயிலையும் கோட்டையையும் பதிவு செய்வதுபோல! பிரிக்கக் கூடாது, நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. 1979-இல் தொழிலாளர் கைவசம் முடிவுக்கு வந்தது. நகராட்சியும் மாவட்டமும் வட்டாரமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, 4 கோடியே 40 லட்சம் பிராங்குக்கு அதை வாங்கின. 1982-இல் தேசியக் காட்சிச்சாலையாகத் திறந்தார்கள்.

இங்கேதான் நான் நின்று யோசிக்கிறேன். கார்கள் காப்பாற்றப்பட்டன. பொதுப் பணத்தில், பொதுச் சொத்தாக. நல்ல முடிவு, அதை மறுப்பவன் நானல்ல. துண்டு துண்டாக விற்றிருந்தால் இன்று அவை உலகத்துக் கோடீசுவரர்களின் தனிக் கொட்டகையில் குளிர்பதனப் பெட்டிக்குள் இருப்பதுபோல இருந்திருக்கும். ஆனால், அந்த ஆலைகள்? நூற்பாளர் வேலை? காருக்கு "வரலாற்றுச் சின்னம்" என்ற பாதுகாப்பைக் கண்டுபிடித்த அரசு, அதற்குப் பணம் கொடுத்தவனின் வேலைக்கு அப்படியொரு பாதுகாப்பைக் கண்டுபிடிக்கவில்லை. பிரிக்கக் கூடாது என்று கார்களைப் பதிவு செய்தார்கள். அந்த மக்களைப் பிரித்தார்கள், ஆளுக்கொரு திசையாக, வேலை தேடி.

இதற்கு மறுமொழியாக ஒன்று சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் முதலாளியின் ஆட்களல்ல, ஆகவே கேட்போம். "ஷ்லும்ப் சகோதரர்கள் சேர்த்து வைத்திராவிட்டால் இந்தக் கார்களில் பாதி பழைய இரும்புக்குப் போயிருக்கும். அந்தக் காலத்தில் புகாட்டியை யார் மதித்தார்கள்? பித்துப் பிடித்த ஒருவன் வேண்டியிருந்தது" என்பது அவர்கள் வாதம்.

உண்மைதான். ஒப்புக்கொள்கிறேன். பிரிட்ஸ் ஷ்லும்புக்குக் கண் இருந்தது. உலகம் குப்பை என்று தள்ளியதில் அவர் கலையைக் கண்டார். தம் கைப்பணத்தில் ஒன்று வாங்கினார், பத்து வாங்கினார் என்றால் நாமும் கைதட்டலாம். அந்தக் கண்ணுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கண், பஞ்சு மூட்டையருகே நின்ற மனிதனைப் பார்க்க மறுத்தது. நூற்றாண்டில் ஒரு தடவை செய்யக் கூடிய காரை அடையாளம் கண்டவருக்கு, முப்பதாண்டு கதிரருகே நின்று காது செவிடானவன் தெரியவில்லை. பாதுகாக்கத் தெரிந்தவர்தான், எதைப் பாதுகாப்பது என்பதில்தான் கோளாறு.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் வாங்கிய கார்களைப் புதுக்கியவர்கள் யார்? அதே ஊர்த் தொழிலாளிகள்தான். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தோல் தைத்து, தகரம் தட்டி, அன்றைய மோல்சைம் பிட்டர் செய்ததை இன்னொரு தடவை செய்து காட்டினார்கள். ஆலை மூடியதும் அவர்கள் கைத்திறனுக்கும் அதே கதிதான்.

இன்றைய நிலைமை என்ன? சேகரிப்புப் பித்து, வியாபாரமாகிவிட்டது. பெராரி ஒன்று, 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்தார்கள். 2018-இல் அமெரிக்காவில் அதில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்குகிறவர்கள் எல்லோரும் அதை ஓட்டுகிறார்களா? சிலர் ஓட்டுகிறார்கள், பந்தயத்துக்கும் கொண்டுவருகிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். மற்றவர்களுக்கு அது தங்கக் கட்டி. தங்கக் கட்டிக்குச் சக்கரம் எதற்கு? காலையில் ஒருமுறை இஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் ஏற்றாவிட்டால் அந்த உலோகமே நொந்து போகும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். முதலீடாக வாங்கியவருக்கு அடிச்சட்ட எண் போதும்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சியல்ல. இவ்வளவு அரிய இயந்திரங்கள் கைமாறும்போது, பிரான்சு 1978-இல் செய்ததுபோல, மக்கள் கண்ணுக்கு மறைந்துபோகாமல் இருக்க நாடுகள் வழி செய்யட்டும். ஆண்டில் சில நாளாவது பொதுக் காட்சிக்கு வரட்டும். அவற்றைச் செப்பனிடும் கைத்திறன் அழியாமல் பயிற்சிக்குப் பிள்ளைகளை எடுக்கட்டும். கூலி கொடுத்து எடுக்கட்டும். ஒரு கம்பெனி நொடிக்கும்போது, முதலாளி சேர்த்து வைத்த ஆசைப்பொருள் எதுவானாலும், காராக இருந்தாலும் சித்திரமாக இருந்தாலும், அதன் மீது முதல் உரிமை கூலி பாக்கிக்கு இருக்கட்டும்.

மூலூஸ் காட்சிச்சாலை இன்றும் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய கார்க் காட்சிச்சாலைகளில் ஒன்று என்று மக்கள் திரள்கிறார்கள். அதே ரம்பப் பல் கூரை, அதே விளக்குக் கம்பங்கள். இரண்டு ரோயால் கார்களும் நிற்கின்றன. ஹான்ஸ் 1989-இலும் பிரிட்ஸ் 1992-இலும் காலமானார்கள். குடும்பத்தார் நடத்திய வழக்குகளின் விளைவாகக் காட்சிச்சாலையின் பெயரில் "ஷ்லும்ப் சேகரிப்பு" என்ற சொற்கள் இடம்பெற்றன. இருக்கட்டும், சேர்த்தவர்கள் அவர்கள்தானே.

தொழிலாளர்கள் 1977-இல் மாட்டிய பலகை அந்தப் பெயரில் இல்லை. ஒவ்வொரு காருக்கும் அருகே ஒரு சிறு தகடு இருக்குமே: ஆண்டு, வகை, சிலிண்டர் எண்ணிக்கை, குதிரைச் சக்தி, கூடு கட்டிய பட்டறையின் பெயர். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கும். மால்மெர்ஸ்பாக் நூற்பாலை, எர்ஸ்டைன் நூற்பாலை என்று அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள்.